கணபதியில் ஒரு கைப்பிரஸ்

சாக்கை இழுத்ததும் பளிச்சென்று பச்சை.
பழைய இரும்புக்குப் புதுப் பெயிண்ட் என்றால்
எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

"மூணு டன்னுங்க. லேத்துப் பட்டறையில நின்னது.
ஒம்பதாயிரம். உங்க வேலைக்கு இதே எச்சா"
என்ற சென்னியப்பன், கொஞ்சம் நிறுத்தி,
"வீட்டுக்காரர் வரலீங்களா?" என்றார்.

வேலை அவருடையதல்ல, என்னுடையது:
பொடக்காலியில் தகரக் கொட்டகை,
ஒரு வைஸ், இரண்டு டியூப்லைட்,
மாவரைக்கும் கிரைண்டர்களின் மோட்டார்
வாரத்துக்கு ஏழெட்டு.
பேரிங்கை இன்றுவரை அடித்துத்தான் ஏற்றுகிறேன்,
முக்கால் இஞ்சுக் குழாய்த் துண்டை மேலே வைத்து
சுத்தியலால், சுற்றிச் சுற்றி.
ஒரு அடி சாய்ந்தால் போச்சு.
போன மாதம் ஒரு மோட்டார் பத்தே நாளில் திரும்பி வந்தது,
வண்டு புகுந்த காது போல முனகிக்கொண்டு.
கொண்டு வந்தவர்கள் சண்டை போடவில்லை.
போட்டிருக்கலாம்.

கைப்பிடியை மேலேற்றி இறக்கினேன்.
தண்டில் கால் நூல் ஆட்டம்;
பக்கத்துத் திருகை முறுக்கினால் அடங்கும்.
பல்சட்டத்தில் பதினொன்றாவது பல் மூக்குடைந்திருக்கிறது,
அதுவரை இறக்கப் போவதில்லை நான்.
மூலமட்டம் வைத்தேன். நேராகத்தான் நிற்கிறது.

சீட்டு எடுத்த காசு இருபது.
மகளின் ஹாஸ்டலுக்குப் பதினொன்று.
மிச்சம் ஒன்பது, அவர் கேட்பதும் ஒன்பது,
யாரோ முன்னமே சொல்லிவைத்த மாதிரி.

"துளி டீசல் இருக்குங்களா?"

வளைந்த கழுத்தின் உள்பக்கம்,
அழுத்தும்போதெல்லாம் இழுபடுகிற இடம்,
அங்கே சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன்.
டீசல் தடவி, டீ குடித்து, துடைத்தேன்.
பர்ஸில் மருதமலைப் பொட்டலம் இருந்தது.
திருநீற்றை எடுத்து அந்த இடத்தில் பூசினேன்.
சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளையில் மெல்ல ஊறி வந்தது
கறுப்பாய் ஒரு மயிர்.
இரண்டு விரல் நீளம்.

"அது வார்ப்புக் கோடுங்க."
"வார்ப்புக் கோடு எண்ணெய் குடிக்காதுங்க."

நிறைய நேரம் அவர் டீ கிளாஸையே பார்த்தார்.
"சரி, எடைக்குப் போட்டுக்கலாம்.
அறுபத்தெட்டுக் கிலோ, நாப்பது ரூவா."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
ஒன்பதாயிரத்துக்கு வேண்டாம் என்பது சுலபம்.
என் பேரிங்குக்கு அரை டன்னே அதிகம்,
அந்த மயிர் பத்து வருஷம் அப்படியே கிடக்கலாம்.
அல்லது ஒரு சாயங்காலம்
கைப்பிடியில் என் முழுப் பாரமும் இருக்கையில்...
உருக்கு வளைந்து காட்டும்.
வார்ப்பிரும்பு சொல்லிக்கொண்டு போகாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
ராத்திரி ஒரு பேரிங் ஏற்றினேன், ஏழு அடி.
ஒவ்வொரு அடிக்கும் எதிர்வீட்டு நாய் குரைத்தது.
காதருகே வைத்துச் சுழற்றினேன்.
நன்றாகத்தான் இருந்தது, இந்தத் தடவை.

காலையில் போன் போட்டேன்:
"அந்த அடித்தட்டை மட்டும் குடுப்பீங்களா?"
நாலு பக்கமும் நாலு அகல வெட்டு,
எந்தத் தண்டும் ஒன்றில் உட்காரும்.
பதினொரு கிலோ. நானூற்று நாற்பது.
"மிச்சத்தை ஒடச்சு உருக்கப் போட்டுருங்க."
"பாக்கலாங்க" என்றார்.
பார்க்கலாம் என்றால் எனக்குத் தெரியும்.

தட்டைக் கழற்றி வாங்கியதும்
சாவியாலேயே அந்தப் பச்சைக் கழுத்தில்
கொட்டை எழுத்தில் கீறினேன்: விரிசல்.
இன்னொரு கோட்டுப் பெயிண்ட் அடித்தால் மறையும்.
அடிக்கட்டும். ஆழமாகத்தான் கீறினேன்.

ஸ்கூட்டரில் காலடியில் தட்டு.
இனி இரண்டு சேனல் துண்டும்
ஒரு லாரி ஜாக்கியும் தேட வேண்டும்.
சிங்காநல்லூர் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும்
டங் என்றது,
உள்ளே எங்கும் பிளவில்லாத டங்.
கடைசித் தடையில் வேண்டுமென்றே
கொஞ்சம் வேகமாக ஏற்றினேன்.